செம்பூர் அரண்மனையின் தேக்குக் கதவுகள்

எங்கள் ஊர்ப் பால்காரர் செம்பைக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் என் வீட்டு வாசலில் மாட்டைக் கறக்க முடியும். இதனால் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாவுக்கு அந்தப் பெயர் ஒன்றும் குறைச்சல் இல்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

ஜமீன் போகப்போகிறது என்று பேச்சு எழுந்ததும், எங்கள் ஊர் இளைய ஜமீன்தார் அரண்மனையில் பாதியைப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குத் தருவதாகச் சொன்னார். அரண்மனையின் முகம் மாறக்கூடாது என்பது ஒன்றே அவருடைய நிபந்தனை. ஊர் கொண்டாடியது. நான் தலைமை ஆசிரியை. எனக்குத்தான் அதிகச் சந்தோஷம் இருந்திருக்க வேண்டும். ஓட்டைக் கொட்டகையில் எட்டாம் வகுப்போடு நின்றுபோகிற பள்ளிக்கூடம், அடுத்த ஜூனுக்குள் கட்டிடம் தயாரானால் ஹைஸ்கூல் ஆகும். பெரிய மனுஷியானதும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வீட்டோடு நின்றுவிடுகிற பெண்கள் மேலே படிப்பார்கள். கட்டிடம் தயாராகாவிட்டால் அனுமதி இல்லை.

வேலையைப் பம்பாயிலிருக்கும் ஒரு பாலக்காட்டு இன்ஜினீயருக்குக் கொடுக்கலாம் என்றார் பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர். இன்ஜினீயர் பெயர் ராமநாதன். செம்பூரில் ஒரு பழைய ராஜ மாளிகையை அழகு கெடாமல் பிரசவ ஆஸ்பத்திரியாக மாற்றியவராம். எனக்குத் தூக்கம் போயிற்று. எங்கள் அரண்மனைத் தூண்கள் பர்மாத் தேக்கு. யுத்தத்துக்குப் பிறகு பர்மாத் தேக்கைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். தூணை உருவி விற்றுவிட்டு, அந்த இடத்தில் சிமெண்டை நிறுத்தி மர வர்ணம் அடித்தால் யார் கண்டுபிடிப்பது? கமிட்டியில் இதைக் கேட்டேன்.

"டீச்சருக்குச் சந்தேகமா இருந்தா அவியளே போயிப் பாத்துட்டு வரட்டுமே. அவிய அண்ணாச்சி பம்பாயில தாராவியிலதான இருக்காரு?" என்றார் தலைவர். கமிட்டி சிரித்தது.

"சரி, போகிறேன்" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. நான் சரி என்று எழுதினால்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்து. வேண்டாம் என்றால் வேறு ஆளைத் தேட நேரமில்லை, ஹைஸ்கூலும் இல்லை. இதுதான் பேச்சு.

பம்பாய் எனக்கு வேறு தேசம். ரயிலில் எதிரே இருந்த குஜராத்தி அம்மாள் வாழைப்பழம் கொடுத்தாள். மயக்க மருந்து கலந்த பழம் பற்றி நான் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன். அவள் ஒன்றை உரித்துத் தின்று முடிக்கும் வரை என் பழத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு தின்றேன். நல்ல பழம்.

தாதரில் அண்ணன் வந்து அழைத்துப் போனான். அவன் ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டான். நான் கால் வைப்பதற்குள் கண்டக்டர் மணியடித்துவிட்டார். பெட்டியும் அண்ணனும் ஒரு பக்கம் போக, நான் ஜூலை மழையில் நடுத்தெருவில் நின்றேன். அண்ணன் ஓடி வந்து சேர்வதற்குள், இந்த ஊரில் மணியடிப்பவர்கள் எல்லாருமே பெட்டி திருடுகிறவர்களோடு கூட்டு என்று முடிவு செய்துவிட்டேன்.

தாராவியில் அண்ணன் வீடு ஒரே அறை. சந்தில் நடந்தால் நம் ஊர்ச் சந்தைக்குள் நுழைந்த மாதிரி திருநெல்வேலித் தமிழ். குரல்கள் நம்முடையவை, நாற்றம் மட்டும் வேறு. தோல் பதனிடும் கிடங்குகள் பக்கத்திலேயே இருக்கின்றன. செல்லம்மா மதினி ரேஷன் அரிசியில் சோறு வடித்து, கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். சோற்றில் ஒரு மக்கல் வாடை. மீதி ரேஷனுக்குக் கோதுமை. அதைச் சப்பாத்தியாகத் தட்டப் பழகிக்கொண்ட மதினி, புளிக்குழம்போடு அதையும் பரிமாறினாள். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவே இல்லை. நான் எல்லாவற்றையும் தின்றேன். தண்ணீர் மட்டும் ஒரு வாய்.

"ஏ யம்மா, வந்ததுலேருந்து தண்ணியே குடிக்க மாட்டேங்கியே, இது என்ன வீம்பு?"

"பழகிப்போச்சு மதினி" என்றேன். காலையில் பள்ளிக்கூடம் கிளம்பினால் சாயங்காலம் வீடு திரும்பும் வரை தண்ணீர் குடிப்பதில்லை. கொட்டகையில் ஒதுங்க இடமில்லை. எங்கள் பெண்பிள்ளைகளும் அப்படித்தான். அது ஒரு குறையாக யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. தாராவியிலும் விடிவதற்கு முன்னே பெண்கள் கூட்டமாக உப்பங்கழிச் சேற்றுப் பக்கம் போய் வந்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் மறுநாள் விடிகாலைதான்.

மறுநாள் மாட்டுங்காவுக்கு இன்ஜினீயரைப் பார்க்கப் போனேன். தாராவியிலிருந்து நடக்கிற தூரம்தான், ஆனால் வேறு ஜில்லாவுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அடுக்கடுக்கான வீடுகள், வாசலில் கோலம், பூக்கடை, வறுத்த காப்பிக்கொட்டை மணம். இன்ஜினீயர் வீடு மூன்றாம் மாடியில்.

"வாங்கோ வாங்கோ. உக்காருங்கோ. கமிட்டி கடுதாசி வந்தது" என்றார். மெலிந்த மனிதர், நெற்றியில் விபூதி. இவ்வளவு மரியாதை எதற்கு என்று நினைத்தேன். அவர் மனைவி காப்பி கொண்டுவந்தாள். எனக்கு மட்டும் தனி டம்ளர் வருகிறதா என்று கவனித்தேன். இல்லை, எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பித்தளை டவரா. காப்பியில் சிக்கரி இருக்கிறதா என்றும் பார்த்தேன். அதுவும் இல்லை. குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்காதது எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஊஞ்சலில் அவர் மகள் லலிதா மாங்காய் கடித்துக்கொண்டிருந்தாள். தலைச்சன் பிரசவத்துக்குப் பிறந்தகம் வந்தவள், மாசம் நெருங்கிவிட்டது. "நான் கட்டின ஆஸ்பத்திரியிலேதான் சேக்கப் போறேன். ராஜகுமாரி மாதிரி பெத்துக்கட்டும்" என்றார் இன்ஜினீயர். மகள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அதையும் நான் மனத்தில் வாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் ஏதோ ஓட்டை இருக்கிறது, அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது.

கை கழுவ இடம் கேட்டேன். அந்த அம்மாள் சமையலறையைத் தாண்டி அழைத்துப்போய் ஒரு கதவைத் திறந்தாள். உள்ளே கக்கூஸ். மூன்றாம் மாடியில், சமையலறைக்கு அடுத்த சுவருக்கு அப்பால்! சங்கிலியை இழுத்தால் மேலே தொட்டியிலிருந்து தண்ணீர் கொட்டியது. நான் பயந்து வெளியே ஓடி வந்துவிட்டேன். மடி ஆசாரம் பார்க்கிற வீட்டில் இதை எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று வழி முழுக்க வியந்துகொண்டே போனேன்.

"எல்லாரையும் களவாணிப் பயன்னு நெனச்சா எப்படிளா?" என்று அன்று மாலை அண்ணன் கேட்டான். "காப்பி நன்றாக இருந்தது" என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாம் நாள் செம்பூர். இன்ஜினீயர் சயான் ஸ்டேஷனில் காத்திருந்தார். நான் பெண்கள் வண்டியில் ஏறினேன். குர்லாவில் இறங்கி மாற வேண்டும் என்று சொல்லியிருந்தார். குர்லாவில் இறங்க எழுந்தால், ஏறுகிற மீன்காரிகளின் கூடைகள் என்னைத் திரும்ப உட்கார வைத்துவிட்டன. "மதராஸி அம்மாவை இறங்க விடுங்கடி, மீனைப் பார்த்ததில்லை போலிருக்கிறது" என்று ஒருத்தி மராட்டியில் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்திலிருந்த பெண் அதை எனக்குத் தமிழில் சொன்னாள். எப்படியோ பிதுங்கி இறங்கினேன். என் புடவையில் கடைசிவரை அந்த வாடை போகவில்லை.

அங்கிருந்து செம்பூருக்குக் கரி வண்டி. சிந்து தேசத்திலிருந்து அகதியாக வந்த அம்மாள் ஒருத்தி அப்பளம் விற்றுக்கொண்டு வந்தாள். எதில் செய்தது, எப்போது செய்தது என்று சைகையிலேயே விசாரித்துவிட்டு வாங்கினேன். மிளகு காரம் மண்டைக்கு ஏறியது. நம் அப்பளம் அதன் முன்னால் ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

மாளிகையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். எங்கோ ஒரு சின்ன சமஸ்தானத்து ராஜா வந்து தங்குவதற்காகக் கட்டியது. தோட்டத்து நடுவில், மழையில் குளித்து நின்றது. வர்ணக் கண்ணாடி ஜன்னல்கள் ஒன்றுகூட உடையவில்லை. சுவரெல்லாம் சுண்ணாம்பு அரைத்துப் பூசி முகம் தெரிகிற வழவழப்பு. தர்பார் கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள். சரவிளக்கு தொங்கிய கொக்கியில் இப்போது குழந்தையை நிறுக்கும் தராசு தொங்கியது. அதில் ஒரு குழந்தை காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. எங்கள் அரண்மனையிலும் இப்படி ஏதாவது தொங்கும். பூகோளப் படம் தொங்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

உடனே சுதாரித்துக்கொண்டு பெட்டிச் சாவியை எடுத்தேன். தூண் தூணாகத் தட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் மரத்தின் குரலில் பதில் சொன்னது. சிமெண்டு ஒன்றும் இல்லை. இன்ஜினீயர் பின்னாலேயே வந்தார். கட்டிலில் கிடந்த பெண்கள் என்னைக் கவர்மெண்டு ஆள் என்று நினைத்து எழுந்து உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு ஆட்கள் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார்கள். சித்திர வேலை செய்த தேக்குக் கதவு, பழைய கதவு. மாட்டிக்கொண்டாயா என்று எனக்குள் ஒரு துள்ளல். தூணை விட்டுவிட்டுக் கதவை விற்கிறார்! முன்பக்கம் பார்க்கிறவர்களுக்குத் தூண். பின்பக்கம் வழியாகக் கதவுகள் போகின்றன.

"அந்தக் கதவு எங்கே போகிறது?" என்றேன்.

"வாங்கோ, காட்டறேன். அதை நான் காட்டணும்னே இருந்தேன்" என்றார் உற்சாகமாக. திருடனுக்கு இத்தனை உற்சாகம் இருக்காதே என்று குழம்பிக்கொண்டே குடையை விரித்தேன்.

தோட்டத்தைத் தாண்டினோம். கிணற்றைத் தாண்டினோம். செம்மண் சேறு கணுக்கால் வரை ஏறியது. மதில் ஓரத்தில் ஒரு வரிசைச் சின்ன அறைகள். ஒவ்வொன்றுக்கும் மயிலும் கொடியும் செதுக்கிய ராஜாவின் தேக்குக் கதவு. கடைசி அறைக்கு அந்த ஆட்கள் கதவு மாட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் கக்கூஸ்கள்.

"சுவரை எடுத்த எடத்திலெல்லாம் கதவு மிஞ்சித்து. கறுப்பு மார்க்கெட்டிலே கொத்திண்டு போயிருப்பா. நான் ஒரு ஆணியைக்கூட வெளியிலே விடலை" என்றார் இன்ஜினீயர். அவர் கண்ணில் பெருமை. எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனிதர் சுத்தமானவர். அதைத் தெரிந்துகொள்ள நான் இவ்வளவு தூரம் சேறு மிதிக்க வேண்டியிருந்தது.

திரும்பும்போது எதிரே ஒரு பெண் வந்தாள். ஆயா ஒரு கையில் குடையும் மறு கையில் அவளுமாகத் தாங்கிப் பிடித்திருந்தாள். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துக் கிடந்தது. கிணற்றடியில் நின்று மூச்சு வாங்கினாள். நான் தமிழில் ஏதோ சொல்ல, அவள் கண் விரிந்தது.

"தமிழா அக்கா நீங்க? நான் பக்கத்துல கோவண்டி. முந்தா நாள்தான் பெத்தேன்."

"இந்த மழையில் எங்கே கிளம்பினாய்?"

"வேற எங்க போவ? ரெண்டு நாளா தண்ணியே குடிக்காம அடக்கிப் பாத்தேன். முடியலைக்கா. பாதி வழியில தலை சுத்துது."

ஆயா மராட்டியில் அவளை அதட்டினாள். என்ன சொல்கிறாள் என்று இன்ஜினீயரைக் கேட்டேன். "தண்ணி குடிக்கலேன்னா கொழந்தைக்குப் பால் எங்கேர்ந்து வரும்னு திட்டறா. நன்னாத்தான் சொல்றா. இந்தப் பொம்மனாட்டிகள் ஏன் தண்ணி குடிக்க மாட்டேங்கறான்னே தெரியலை" என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

காலையிலிருந்து நான் குடித்தது ஒரு வாய்த் தண்ணீர். எங்கள் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் "வயிற்றுவலி டீச்சர்" என்று வீட்டுக்குப் போகிற பெண்கள், கொஞ்ச நாளில் வராமலே நின்றுவிடுகிற பெண்கள், எல்லாரும் வரிசையாகக் கண்ணில் வந்தார்கள். தூணையும் கதவையும் சந்தேகப்பட்ட நான் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க நினைக்கவில்லை.

"சார், எங்கள் அரண்மனையில் இது எங்கே வருகிறது?"

அவர் வராந்தாவில் பிளானை விரித்துக் காட்டினார். குதிரை லாயத்துக்குப் பின்னால். அங்கே போக ஜமீன் கச்சேரியைத் தாண்ட வேண்டும். அந்தக் கச்சேரித் தாழ்வாரத்தில் கணக்குப்பிள்ளையும் சேவகர்களும் பொழுது முழுக்க வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெரிய மனுஷியான பெண் ஒருத்திகூட அந்த வழியாகப் போகமாட்டாள்.

"உள்ளே வைக்கக் கூடாதா?"

அவர் முகம் மாறியது. "சாமி பூஜையும் அடுப்பும் இருந்த கட்டடம்மா. ஒரே கூரைக்குக் கீழே அதை வெக்கலாமா? ராஜாக்களே கொல்லைக்குத்தானே போனா? என் கை வராது."

"உங்கள் மாட்டுங்கா வீட்டில் சமையலறைக்கும் அதற்கும் நடுவே எத்தனை சுவர் சார்?"

அவர் பிளானைச் சுருட்டத் தொடங்கினார். "அது வாடகை வீடு. நான் கட்டினதில்லை" என்றார். பிறகு குரல் உயர்ந்தது. "நீங்க வந்ததிலேர்ந்து தூண் தூணா தட்டிண்டு இருக்கேள். என்னைத் திருடன்னு நெனச்சேள். பரவால்லை. ஆனா இது என்னோட ஆசாரம். இதிலே கை வெக்காதீங்கோ."

சயானில் இறங்கி ஆளுக்கொரு பக்கம் போனோம். வீட்டுக்கு வந்து மதினியிடம் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. திருடனாக இருந்திருந்தால் வேண்டாம் என்று எழுதிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன். நல்லவரை என்ன செய்வது? சரி என்று எழுதினால் ஹைஸ்கூல் வரும், பெண்கள் வரமாட்டார்கள். வேண்டாம் என்றால் ஹைஸ்கூலே வராது. கமிட்டியிடம் காரணத்தைச் சொல்லலாம் என்றால், அத்தனை ஆண்கள் நடுவில் அந்த வார்த்தையை எப்படி எடுப்பது? கடுதாசியை மூன்று தடவை ஆரம்பித்துக் கிழித்தேன்.

மறுநாள் முற்பகலில் மதினி சந்திலிருந்து ஓடி வந்தாள். "ஏ யம்மா, ஒரு அய்யரு வந்திருக்காவ. கையில பொட்டலம் வேற!"

லஞ்சம் என்று முடிவு கட்டினேன். இன்ஜினீயர் குனிந்து உள்ளே வந்தார். பொட்டலத்தைப் பிரிக்காமலே மோந்தேன், காப்பிப் பொடி. பெரிய லஞ்சம் இல்லை. அவர் வேட்டிக் கரையைப் பார்த்தேன். கணுக்கால் வரை செம்மண் சேறு. தாராவிச் சேறு கறுப்பு. இந்தச் சிவப்பு செம்பூர்த் தோட்டத்தில் நான் பார்த்தது.

"காலையில் செம்பூருக்கா போனீர்கள்?"

"ஆமாம். நேத்திக்கு உங்க மேலே கோவிச்சுண்டு ஆத்துல போய்ச் சொன்னேன். என் பொண்ணு, அப்பா, நான் அங்கே போகலைன்னுட்டா. ஏண்டின்னேன். மழையிலே ஒரு தடவையாவது நீங்க அந்த வழியிலே நடந்து பாத்தேளான்னா. அவ அம்மா வாயே தெறக்கலை. அதுதான் தாங்கலை." அவர் மதினி போட்ட பலகையில் உட்கார்ந்தார். "கட்டினவன் நான். பிளான் தூக்கிண்டு போயிருக்கேன், ஆள்களை வெரட்டிண்டு போயிருக்கேன். அவஸ்தையோட போறவாளுக்கு அது என்ன தூரம்னு தெரியலை. இன்னிக்குக் கட்டில்லேர்ந்து மெல்ல நடந்து பாத்தேன். தூரம்தான்."

பாயில் எங்கள் அரண்மனைப் பிளானை விரித்தார். "எங்கே வேணும், சொல்லுங்கோ."

நான் விரல் வைத்தேன். உள்முற்றத்தை ஒட்டிய அறை. வகுப்புகளுக்குப் பக்கம், கிணற்றுக்குப் பக்கம், கச்சேரிக்குத் தெரியாது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அது ஆயுதசாலைம்மா. விஜயதசமிக்கு ராஜா கத்தியை வெச்சுப் பூஜை பண்ணின எடம்."

"கத்தி போய்விட்டது சார். பெண்கள் வரப்போகிறார்கள்."

பென்சிலை எடுத்தார். பிளானுக்கு மேலே பிடித்தபடியே இருந்தார். கை உண்மையிலேயே இறங்கவில்லை. நடிக்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். நெற்றி விபூதி வியர்வையில் கரைந்திருந்தது. கடைசியில் பென்சிலை என் பக்கம் நீட்டினார்.

"நீங்களே கோடு போட்டுடுங்கோ. நான் கட்டிடறேன்."

நான் கோடு போட்டேன். பாய் மேடுபள்ளம், கோடு கோணிக்கொண்டு போயிற்று. அவர் திருத்தக்கூட அதைத் தொடவில்லை, பிளானைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். அன்று சாயங்காலமே சரி என்று கமிட்டிக்கு எழுதினேன்.

செம்பூர் மாளிகையில் ராஜா உடை மாற்றும் அறை இப்போது அந்தக் காரியத்துக்கு ஆகிவிட்டதாகவும், லலிதாவுக்கு அங்கேயே பெண் குழந்தை பிறந்ததாகவும் பிற்பாடு இன்ஜினீயரிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் பள்ளிக்கூடம் ஜூனில் திறந்தது. தூண்கள் அப்படியே நிற்கின்றன. மாதம் ஒரு முறை சாவியால் தட்டிப் பார்க்கிறேன். ஆயுதசாலைக்குள் எழுப்பிய தடுப்புச் சுவர் மட்டும் கோணல். நான் போட்ட கோட்டை மனுஷர் அப்படியே கட்டி வைத்துவிட்டார். பார்க்க வருகிற பெரிய மனிதர்கள் கொத்தனாரைக் குறை சொல்கிறார்கள், நான் வாயைத் திறப்பதில்லை.

கொட்டகையில் இருந்த அதே மண்பானையைத்தான் தாழ்வாரத்தில் வைத்திருக்கிறோம். அப்போதெல்லாம் காலையில் ஊற்றிய தண்ணீர் சாயங்காலம் வரை அப்படியே கிடக்கும், ஆயா செடிக்கு ஊற்றுவாள். இப்போது மத்தியான மணி அடிப்பதற்குள் பானை காலியாகிவிடுகிறது. "இந்தப் பிள்ளைய என்ன இப்படித் தண்ணி குடிக்குதுவ டீச்சர்" என்று ஆயா முணுமுணுத்துக்கொண்டே குடத்தை எடுக்கிறாள். முதல் டம்ளரை நான் வாங்கிக் குடிக்கிறேன்.